நான்கு ஹோஸுக்குப் பிறந்த எந்திரம்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் 100 வயதை நெருங்கிய பள்ளிக்கூடம், தியேட்டர், ஹோட்டல் எதற்குள்ளாவது நுழைந்தால், நடைவழிச் சுவரின் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பித்தளை மூடி கண்ணில் படலாம். கீல் வைத்தது. விரலால் தூக்கினால் உள்ளே இருட்டான ஓர் ஓட்டை. எலிப்பொந்துக்கு யாரும் பித்தளையில் கதவு போட மாட்டார்கள். அந்த ஓட்டையிலிருந்து கிளம்பும் இரும்புக் குழாய், சுவருக்குள்ளேயே மாடி மாடியாக இறங்கி, நிலவறையில் ஆள் உயரத்துக்கு நிற்கும் ஓர் இரும்புத் தொட்டியில் போய்ச் சேரும். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார். மோட்டாரோடு ஒட்டினாற்போல, படுக்கவைத்த பீப்பாய் போன்ற விசிறிக் கூடு.

கட்டடம் முழுவதற்கும் ஒரே துடைப்பம் அது. பெருக்க வருபவர் ஹோஸை மட்டும் தோளில் சுற்றிக்கொண்டு வருவார். பித்தளை மூடியைத் திறந்து செருகுவார். கம்பளத் தூசி சுவருக்குள் புகுந்து நிலவறைக்குப் போய்விடும். சத்தமும் அங்கேதான், குப்பையும் அங்கேதான்.

இந்த எந்திரம் பழுதாவதற்கு முன்பே கட்டடத்தை இடிக்கும் நாள் வந்துவிடுவதுண்டு. அப்போது பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டியதை எடைக்கு விலை கொடுத்து வாங்கி, லாரியில் ஏற்றித் தன் வீட்டு நிலவறையில் இறக்கும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். பழைய காருக்கு உயிர் கொடுப்பவர்களைப் போலத்தான். ஆனால் காரைச் சாலையில் ஓட்டலாம். சாலை அதே சாலைதான். ஹோட்டலுக்குச் செய்த எந்திரத்தை மூன்று படுக்கையறை வீட்டுக்குள் வைத்தால் கதை வேறு. அதைச் சுழல வைப்பது பாதி வேலைகூட இல்லை. சுழன்ற பிறகு அதை எப்படிச் சின்னதாக்குவது என்பதில்தான் இயற்பியல் முழுவதும் ஒளிந்திருக்கிறது.

*

'உறிஞ்சுவது' என்கிற சொல்லே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. இளநீரில் ஸ்ட்ராவைப் போட்டுக் குடிக்கும்போது நாம் இழுப்பதாகத்தான் தோன்றும். உண்மையில் வாய்க்குள் காற்றின் அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கிறோம், அவ்வளவே. இளநீரின் மேல்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்று அதை மேலே தள்ளிவிடுகிறது. வேலையைச் செய்வது வளிமண்டலம். அதனால்தான் எப்பேர்ப்பட்ட பம்பாக இருந்தாலும் தண்ணீரை 10.3 மீட்டருக்கு மேல் உறிஞ்சித் தூக்க முடியாது. வளிமண்டலத்தின் கைநீளம் அவ்வளவுதான். ஆழக் கிணறுகளில் மோட்டாரைக் கீழே இறக்கி வைப்பதன் காரணமும் இதுவே.

தூசு உறிஞ்சும் எந்திரத்தின் பலத்தையும் இதே தண்ணீர்க் கணக்கில்தான் சொல்வார்கள். வாயை அடைத்துப் பிடித்தால் எத்தனை அங்குலம் தண்ணீரைத் தூக்கும் என்பது ஓர் எண். வாயைத் திறந்துவிட்டால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று ஓடும் என்பது இன்னோர் எண். கடைக்காரர்கள் இரண்டையும் பெரிதாக அச்சிட்டு விற்பார்கள். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. அடைத்துப் பிடித்தால் அழுத்த வேறுபாடு உச்சத்தில் இருக்கும், காற்றோட்டம் பூஜ்யம். முழுக்கத் திறந்தால் காற்றோட்டம் உச்சம், அழுத்த வேறுபாடு ஏறக்குறையப் பூஜ்யம். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் தூசியின் மேல் நடக்கும் வேலை. அது இந்த இரு கோடிகளிலும் இல்லை, நடுவில் எங்கோ இருக்கிறது.

எது முக்கியம், அழுத்தமா காற்றா என்ற சண்டை இந்தத் தொழிலுக்கு ஆரம்பம் முதலே உண்டு. அமெரிக்கக் கருவூலத் துறையில் அரசுக் கட்டடங்களுக்கான எந்திரப் பொறியாளராக இருந்த எம். எஸ். கூலி, இந்த மையத் தூய்மை அமைப்புகளைப் பற்றி மட்டும் 1913-இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். கம்பளத்தில் அழுக்கைப் பரப்பி, வெவ்வேறு எந்திரங்களால் உறிஞ்ச வைத்து, எது எவ்வளவு எடுத்தது என்று ஒப்பிடுகிற அளவுக்கு விஷயம் அப்போதே சூடாக இருந்தது.

*

கதையின் தொடக்கம் லண்டன். ஹியூபர்ட் செசில் பூத் பொறியாளர். ராட்சத ராட்டினங்கள் அமைப்பதில் வேலை பார்த்தவர். 1901 வாக்கில் ஓர் அமெரிக்கர் தன் துப்புரவு எந்திரத்தைக் காட்டியபோது அவர் போயிருந்தார். அந்த எந்திரம் இருக்கைகளின் தூசியை ஊதிக் கிளப்பியது. பாதி பெட்டிக்குள் போயிற்று, மீதி திரும்பவும் இருக்கையிலேயே படிந்தது. ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று பூத் கேட்டார். பிறகு ஓர் உணவகத்தில் வெல்வெட் நாற்காலியின் முதுகில் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தாராம். மூச்சு முட்டியது, ஆனால் கைக்குட்டையின் மறுபக்கம் கறுத்திருந்தது. அந்த ஆண்டே காப்புரிமை வாங்கினார்.

அவருடைய எந்திரத்தைக் குதிரை இழுத்து வரும். தெருவிலேயே நிற்கும். ஜன்னல் வழியாக நீளநீளமான ஹோஸ்களை வீட்டுக்குள் விடுவார்கள். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை அது சுத்தம் செய்த பிறகு அரண்மனைக்கும் போயிற்று. அதே 1902-இல் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், டேவிட் கென்னி என்பவர் பிட்ஸ்பர்க் நகரத்து ஃப்ரிக் கட்டடத்தில் எந்திரத்தை நிலையாகப் பொருத்திக் குழாய்களைச் சுவருக்குள் ஓடவிட்டார். தெருவில் நின்ற வண்டி நிலவறைக்கு இறங்கிவிட்டது.

கையில் பிடிக்கும் எந்திரம் இவற்றுக்குப் பிறகுதான் வந்தது. ஒஹையோ மாநிலத்தில் ஒரு கடையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளருக்கு ஆஸ்துமா. சின்ன மோட்டார், விசிறி, துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றை ஒன்றுசேர்த்து 1908-இல் காப்புரிமை பெற்று, அதைத் தோல் பொருள் வியாபாரி ஹூவரிடம் விற்றார். மற்றது ஊரறிந்த கதை. பெரியது முதலில், சின்னது பிறகு. கணினிக்கும் அப்படித்தான் நடந்தது.

நம் கதைக்கு வேண்டியவர் இவர்களில் யாரும் அல்ல. கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் இருந்த ஐரா ஸ்பென்சர். அவர் தூசியிலிருந்து தொடங்கவில்லை, இசையிலிருந்து தொடங்கினார். தேவாலயத்து ஆர்கன் பாடவேண்டுமானால் பின்னால் யாராவது துருத்தியை விடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹார்மோனியத்துக்கு இடது கை செய்யும் வேலையை அங்கே ஒரு பையன் வியர்த்து வழியச் செய்துகொண்டிருந்தான். அந்தப் பையனுக்குப் பதிலாக ஸ்பென்சர் வைத்தது ஒரே தண்டில் வரிசையாகக் கோத்த விசிறிச் சக்கரங்கள். 'ஆர்கோப்ளோ' என்று அதற்குப் பெயர். முதல் சக்கரம் வீசிய காற்றை இரண்டாவது வாங்கி இன்னும் அழுத்தும், மூன்றாவது அதற்கும் மேல். சாதாரண ஆர்கன் குழலுக்கு 3, 4 அங்குலத் தண்ணீர் அழுத்தமே போதும்.

ஒரு விசிறிக்கு இரண்டு வாய். ஒன்றில் ஊதினால் மற்றொன்றில் உறிஞ்சியே ஆக வேண்டும். ஊதும் வாயை ஆர்கனோடு இணைத்தால் பாட்டு. உறிஞ்சும் வாயைச் சுவர்க்குழாயோடு இணைத்தால் பெருக்கல். சக்கரங்களைப் பெரிதாக்கி, அடுக்குகளைக் கூட்டி, ஸ்பென்சர் டர்பைன் நிறுவனம் இரண்டையும் விற்றது. இடிக்கும் கட்டடங்களிலிருந்து இன்று மீட்டுக் கொண்டுவரப்படும் பழைய எந்திரங்களில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம்.

*

ஏன் இவை மட்டும் பிழைத்துக் கிடக்கின்றன? பூத்தின் பம்ப் பிஸ்டன் வகை. பிஸ்டன் உருளையின் சுவரில் உரசியாக வேண்டும். உரசும் இடத்தில் தூசி புகுந்தால் அரைத்துத் தின்றுவிடும். விசிறிச் சக்கரமோ எதையும் தொடுவதில்லை. கூட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையில் தாராளமான இடைவெளி. முழு எந்திரத்திலும் உலோகம் உலோகத்தைத் தொடும் ஒரே இடம் பேரிங்.

வேகமும் ஒரு காரணம். இன்றைய வீட்டு வாக்குவம் கிளீனரின் மோட்டார் கைமுட்டி அளவு. நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் அலறும். பலவற்றில் கரி பிரஷ்கள் தாமிரத்தில் உரசித் தேய்ந்துகொண்டே இருக்கும். தேய்ந்து முடிந்தால் மோட்டாரின் கதையும் முடிந்தது. நிலவறை எந்திரத்தில் இருப்பது இன்டக்‌ஷன் மோட்டார். பிரஷ் கிடையாது. சுற்று சுமார் 3,500. வேகத்தில் இழந்ததை அது விட்டத்தில் ஈடுகட்டுகிறது: 50 சென்டிமீட்டர் சக்கரம் அந்த வேகத்தில் சுழன்றால் அதன் விளிம்பு நொடிக்கு 92 மீட்டர் ஓடும், அதாவது மணிக்கு 330 கிலோமீட்டர். அந்த விளிம்பை விட்டு விலகும் காற்று ஓர் அடுக்குக்குச் சுமார் 6 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டைத் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். இழப்புகள் போக நான்கு அடுக்குக்கு 20 கிலோபாஸ்கல். வளிமண்டலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. தண்ணீர்க் கணக்கில் 80 அங்குலம். கையடக்க எந்திரமும் ஏறத்தாழ இதைத்தான் தருகிறது. யானையும் எலியும் ஒரே உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்குகின்றன. எவ்வளவு தண்ணீர் என்பதில்தான் வித்தியாசம்.

*

சரி, எந்திரம் வீட்டு வாசலில் இறங்கிவிட்டது. முதல் வேலை அதைத் திறக்காமல் இருப்பது.

அந்தத் தொட்டிக்குள் இருப்பது அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட கட்டடத் தூசி. அந்தக் காலத்துச் சுவர்ப் பூச்சில் ஈயம் இருந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978-இல்தான். கேஸ்கட்டிலும் பேக்கிங்கிலும் கல்நார் இருக்கலாம். மோட்டாரோடு பழைய கெபாசிட்டர் ஏதும் வந்திருந்தால் அதற்குள் பி.சி.பி. என்னும் நச்சு எண்ணெய் இருக்கக்கூடும், அந்த வேதிப்பொருளின் உற்பத்தி அங்கே 1979-இல் தடை செய்யப்பட்டது. ஆகவே தகுந்த முகக்கவசம், ஈரத்துணி, திறந்தவெளி. கல்நார் என்று சந்தேகம் வந்தால் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு துணுக்கு. வேடிக்கை என்னவென்றால், தூசு உறிஞ்சும் எந்திரத்தைச் சுத்தம் செய்ய வீட்டிலிருக்கும் சாதாரண தூசு உறிஞ்சியை மட்டும் எடுக்கக் கூடாது. நுண்தூசி அதன் பையைக் கடந்து வீடெல்லாம் பரவிவிடும்.

பிறகு கூட்டைத் திறக்கலாம். ஒவ்வொரு சக்கரத்தையும் கழற்றுமுன் தண்டிலும் சக்கரத்திலும் பஞ்ச் அடித்துக் குறி வைத்துக்கொள்வார்கள். எது எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே இடத்துக்கு அது திரும்ப வேண்டும். தொழிற்சாலையில் மொத்தமாகச் சமநிலை பார்த்து அனுப்பியது கலைந்துவிடக் கூடாது. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 50 சென்டிமீட்டர் சக்கரத்தின் விளிம்பில் 1 கிராம் அழுக்கு ஒரு பக்கமாக ஒட்டியிருந்தால், 3,500 சுற்றில் அது 34 நியூட்டன் விசையாகிறது. மூன்றரைக் கிலோ எடையுள்ள சுத்தியல் நொடிக்கு 58 தடவை திசைமாறித் திசைமாறிப் பேரிங்கைத் தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் விசிறியைத் துடைப்பது அழகுக்கான வேலை அல்ல. கம்பி பிரஷை வைத்து வெறியோடு தேய்த்து ரிவெட்டுகளைத் தளர்த்திவிடுவதும் ஆபத்துதான்.

பேரிங்கில் இருந்த கிரீஸ் மெழுகாகக் காய்ந்திருக்கும். பேரிங்கை மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். அது இந்த எந்திரத்திலேயே மலிவான உறுப்பு. மோட்டார் வைண்டிங்கை, மின்காப்பை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரம் ஏறியிருந்தால் பல நாள் மெல்லிய சூட்டில் உலர்த்தினால் தேறிவிடும். தேறாவிட்டால் ரீவைண்டிங். பருத்தி நூல் சுற்றிய பழைய கம்பியைக் கழற்றிப் புதிய வார்னிஷ் கம்பி சுற்றினால் மோட்டார் இன்னொரு தலைமுறைக்கு ஓடும்.

இதற்கடுத்து மின்சாரம். பெரிய எந்திரம் என்றால் மூன்று பேஸ் மோட்டார் என்றே எதிர்பார்க்கலாம். நம் ஊரில் கொஞ்சம் பெரிதாக வீடு கட்டினாலே மூன்று பேஸ் இணைப்பு வந்துவிடுகிறது. அமெரிக்க வீடுகளுக்கு வழக்கமாக வருவது ஒரே பேஸ்தான், 240 வோல்ட்டாகவும் 120 வோல்ட்டாகவும் பிரித்துக்கொள்வார்கள். எனவே இல்லாத பேஸை உண்டாக்க வேண்டும். இன்னொரு மூன்று பேஸ் மோட்டாரைச் சும்மா சுழலவிட்டு அதிலிருந்து மூன்றாவது கம்பியை எடுப்பது பழைய வழி. மின்னணு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, மெக்கானிக்குகள் வி.எஃப்.டி. அல்லது டிரைவ் என்பது, புதிய வழி. அது தரும் மின்சாரம் கூர்கூரான துடிப்புகளாக வருவதால் பழைய வைண்டிங்கின் காப்பைத் துளைத்துவிடலாம். பழைய வைண்டிங்கையும் புது டிரைவையும் ஒன்றாகச் சேர்க்காமல் இருப்பது நல்லது.

மூன்று பேஸ் இணைப்பில் இரண்டு கம்பி இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். தண்ணீர் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. மேசை விசிறி எதிர்ப்பக்கம் சுற்றினால் காற்று எதிர்த்திசையில் போகும், உடனே தெரிந்துவிடும். மைய விலக்கு விசிறி அப்படியல்ல. எந்தப் பக்கம் சுற்றினாலும் நடுவில் உறிஞ்சி விளிம்பில் வீசும். தப்பான பக்கம் என்றால் சோம்பலாக வீசும், அவ்வளவுதான். 'பழசு, பலம் போய்விட்டது' என்று ஆளும் கைவிட்டுவிடுவார். கூட்டின் மேல் அம்புக்குறி வார்த்திருக்கிறதா என்று துருவைத் துடைத்துப் பார்ப்பது நல்லது.

*

எந்திரம் சரியான பக்கம் சுற்றுகிறது. அளவுமானி 20 கிலோபாஸ்கல் காட்டுகிறது. இப்போதுதான் உண்மையான சிக்கல் வருகிறது.

அந்தக் காலத்தில் இவற்றை வகைப்படுத்தும்போது ஒரே நேரத்தில் எத்தனை பேர் பெருக்கலாம் என்று கணக்குச் சொல்வார்கள்: ஓராள் எந்திரம், இரண்டாள், நாலாள் என்று. ஹோட்டலில் நாலு தளத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் ஹோஸைச் செருகுவார்கள். வீட்டில் பெருக்குவது ஒருவர். மிச்சம் மூன்று ஹோஸுக்கான பலமும் அந்த ஒரே ஹோஸுக்கு வந்துவிடும், கம்பளமே பிய்ந்து வரும் என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். வராது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டு ஹோஸின் உள்விட்டம் 38 மில்லிமீட்டர், நீளம் 9 மீட்டர். அதற்குள் நிமிடத்துக்கு 100 கன அடி, அதாவது நொடிக்கு 47 லிட்டர் காற்று ஓட வேண்டுமானால், காற்று நொடிக்கு 41 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். வளையம் வளையமாக இருக்கும் உள்சுவரின் உராய்வுக்கே சுமார் 7 கிலோபாஸ்கல் போய்விடும். இன்னும் கொஞ்சம் சுவர்க்குழாயிலும், பெருக்கும் முனையிலும். நல்லது, கையிலிருக்கும் 20-இல் அடங்குகிறது. காற்றை இரண்டு மடங்காக்க ஆசைப்பட்டால்? உராய்வு இழப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். இரண்டு மடங்கு காற்றுக்கு நாலு மடங்கு அழுத்தம். ஹோஸுக்கு மட்டும் 28 கிலோபாஸ்கல் வேண்டும். எந்திரத்திடம் மொத்தம் இருப்பதே 20.

ஹோஸ்தான் வாசல். வாசல் குறுகலாக இருக்கும்போது வீட்டுக்குள் எத்தனை பேருக்கு இலை போட்டிருக்கிறோம் என்பதால் எதுவும் ஆகப்போவதில்லை.

இதில் ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் உண்டு. நல்ல செய்தி: ஹோஸை அடைத்தால் மோட்டார் திணறாது. வீட்டு வாக்குவம் கிளீனரின் வாயைக் கையால் பொத்தினால் அது வீறிடுவதைக் கேட்டு, பாவம் கஷ்டப்படுகிறது என்று நினைப்போம். அது கஷ்டப்படவில்லை, தள்ளுவதற்குக் காற்றே இல்லாததால் சுமை குறைந்து வேகமாகச் சுற்றுகிறது. நிலவறை எந்திரத்தில் அம்மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம்: பொத்தும்போது முள் இறங்கும், திறக்கும்போது ஏறும். குழாய் எதுவும் மாட்டாமல் வாயை அகலத் திறந்துவைத்துச் சோதனை ஓட்டம் விடுவதுதான் இந்த மோட்டாருக்கு ஆபத்து. அளவுக்கு மீறிய காற்றைத் தூக்கிச் சூடாகிவிடும். பிஸ்டன் பம்பின் குணம் நேரெதிர்.

கெட்ட செய்தி: நாலாள் காற்றுக்கு வடிவமைத்த விசிறியில் ஓராள் காற்று மட்டும் ஓடினால் அதற்கு விக்கல் எடுக்கக்கூடும். சக்கரத்தின் இதழ்களுக்கிடையே காற்று ஓர் அளவுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது இதழை ஒட்டி ஒழுங்காக நகரும். அந்த அளவுக்குக் கீழே போனால் காற்று இதழை விட்டுப் பிரிந்து, அழுத்தத்தைத் தாங்க முடியாமல் ஒரு கணம் பின்னோக்கி ஓடி, மறுபடி முன்னோக்கித் தள்ளப்பட்டு, மறுபடி பின்னோக்கி. குழாய் முழுவதும் தொம் தொம் என்று அதிரும். பேரிங்குக்கும் தண்டுக்கும் அது அடிமேல் அடி. எந்த அளவில் தொடங்கும் என்பது விசிறிக்கு விசிறி மாறும். சிலவற்றில் லேசான முணுமுணுப்போடு நின்றுவிடும்.

இரண்டு மருந்து உண்டு. ஒன்று, தொட்டிக்கும் விசிறிக்கும் நடுவில் ஒரு பக்கவாசல்: சின்ன வால்வு வழியாகக் கொஞ்சம் வெறும் காற்றை உள்ளே விட்டு, இன்னும் ஒரு ஆள் பெருக்குகிறார் என்று விசிறியை நம்பவைப்பது. மலிவானது, வேலை செய்யும், ஆனால் அந்தக் காற்றைத் தூக்க ஆகும் மின்சாரம் வீண். இன்னொன்று வேகத்தைக் குறைப்பது. விசிறிகளுக்கு ஓர் அழகான விதி இருக்கிறது: காற்றின் அளவு வேகத்தோடு நேராகக் குறையும், அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக, மின் செலவு வேகத்தின் முப்படியாக. வேகத்தை 80 சதவீதமாக்கினால் காற்று 80, அழுத்தம் 64, மின் செலவு 51. வேகத்தில் ஐந்தில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் மின்சாரத்தில் பாதி மிச்சம். விக்கல் தொடங்கும் எல்லையும் கூடவே கீழே இறங்கும். மோட்டாரை ரீவைண்டிங் செய்து டிரைவ் போடச் சம்மதிப்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். பழமையை அப்படியே காக்க வேண்டும் என்பவர்கள் முகம் சுளிப்பார்கள்; அவர்களுக்குப் பக்கவாசல் இருக்கிறது.

*

குழாய் விஷயத்திலும் இதே 'பெரிது நல்லது' மயக்கம் வரும். பழைய எந்திரத்தின் வாய் அகலம், எனவே 3 அங்குலக் குழாயே ஓட்டிவிடலாம் என்று தோன்றும். படுக்கைவாட்டுக் குழாயில் மணலும் தூளும் படியாமல் போக நொடிக்கு 20 மீட்டர் வாக்கில் வேகம் வேண்டும். ஓராள் காற்று 2 அங்குலக் குழாயில் 23 மீட்டர் வேகத்தில் போகும். 3 அங்குலத்தில் அதே காற்று 10 மீட்டராகத் தளர்ந்துவிடும். குப்பை வழியிலேயே உட்கார்ந்துவிடும். ஆற்றின் அகலம் கூடும் இடத்தில் மணல் திட்டு விழுவதைப் போல.

வளைவுகளைத் தாராளமாக நீட்டி வளைப்பார்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேண்டுமென்றே இறுக்கமான வளைவு வைப்பதுண்டு: சுவர் ஓட்டையை ஒட்டி. பென்சிலோ குச்சியோ உள்ளே போனால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். கையை விட்டு எடுத்துவிடலாம். சுவருக்குள் நாலு மீட்டர் தள்ளி மாட்டினால் சுவரை உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தொட்டி பெரும்பாலும் கனத்த தகடு. துரு தின்றிருந்தால் மட்டும் மாற்ற நேரும். மாற்றுகிறவர்கள் கையில் கிடைத்த குப்பைத் தொட்டியை எடுத்துவிடுவது வழக்கம். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் மேல் 20 கிலோபாஸ்கல் வேறுபாடு என்றால் அரை டன்னுக்கு மேற்பட்ட பாரம். வளிமண்டலம் ஒரு காளை மாட்டைத் தூக்கி மூடியின் மேல் நிறுத்துகிறது. மெல்லிய தகரம் கசக்கிய காகிதம்போல உள்வாங்கிவிடும்.

அந்தத் தொட்டிக்குள் காற்று விளிம்பை ஒட்டிச் சுழல்கிறது. கால் மீட்டர் ஆரத்தில் 20 மீட்டர் வேகம் என்றால் துகளின் மேல் புவியீர்ப்பைப் போல 160 மடங்கு விசை. மணல், முடி, நூல் எல்லாம் சுவரில் மோதிக் கீழே விழும். சில மைக்ரான் அளவுள்ள நுண்தூசி மட்டும் காற்றோடே போய்விடும். அதைத் துணிப்பைகள் பிடிக்கும். பழைய தொட்டிகளில் பைகளை உதறுவதற்கு வெளியே ஒரு கைப்பிடி இருக்கும். நூற்பாலையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த முழு ஏற்பாடுமே புதிதல்ல. ரிங் ஃபிரேமில் அறுந்த இழையை உறிஞ்சும் நியூமாஃபில்லும் மையத்தில் ஒரு விசிறியை வைத்துப் பல வாய்களில் இழுக்கும் ஏற்பாடுதான்.

பைகளையும் தாண்டிய மிச்சம் வீட்டுக்கு வெளியே போகிறது. இந்த ஏற்பாட்டின் பெரிய லாபம் இதுவே. கையில் பிடிக்கும் எந்திரம் வடிகட்டிய காற்றை அதே அறைக்குள் விடும். வடிகட்டி சுமாராக இருந்தால் ஸ்பாங்ளரின் ஆஸ்துமாவுக்கு ஆகாத தூசி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆனால் வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வேண்டும். ஓராள் ஹோஸ் மட்டும் மணிக்கு 170 கன மீட்டர் காற்றை வீட்டிலிருந்து எடுக்கிறது. விக்கலுக்காக வைத்த பக்கவாசலும் நிலவறையில் திறந்திருந்தால் இன்னும் அதிகம். குளிருக்காகச் சந்துபொந்தெல்லாம் அடைத்த வீட்டில் அந்தக் காற்று எந்த வழியாக வரும்? நிலவறையில் இந்த எந்திரத்துக்குப் பக்கத்திலேயே வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் நிற்கிறது. அதன் புகைபோக்கி வானத்தைப் பார்த்துத் திறந்த ஒரு குழாய். அந்த வழியாகக் காற்று கீழே இறங்கத் தொடங்கினால், மேலே போக வேண்டிய புகையும் அதோடு திரும்பி வரும். அதில் நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடும் இருக்கலாம். ஆகையால் பக்கவாசல் வால்வின் வாயை ஒரு குழாய் போட்டு வீட்டின் வெளிச்சுவருக்குக் கொண்டுபோய், பூச்சி நுழையாமல் வலை கட்டிவிடுகிறார்கள். எந்திரத்தை முதன்முதலாக முழு வேகத்தில் ஓடவிடும் அன்று கொதிகலனையும் எரியவிட்டு, அதன் புகைபோக்கி அடியில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்க்க வேண்டும், புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று.